சர்க்கரைப் போர்வை போர்த்த வைரஸ்

கோழிமுட்டையின் வெண்கருவைச் சிறிது நீரில் கரைத்துச் சோதனைக் குழாயில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்பா நாப்தால் கரைசல் இரண்டு சொட்டு விட்டு, குழாயைச் சாய்த்துப் பிடித்து, அதன் சுவர் வழியே அடர் கந்தக அமிலத்தை மெல்ல இறக்கினால், இரண்டு நீர்மங்களும் சந்திக்கும் இடத்தில் ஊதா நிற வளையம் ஒன்று தோன்றும். வேதியியல் செய்முறை வகுப்பில் மோலிஷ் சோதனை என்ற பெயரில் நாம் செய்வது இதுதான். இது கார்போஹைட்ரேட்டுகளுக்கு உரிய சோதனை. வெண்கருவோ புரதம். அதில் இவ்வளையம் ஏன் வரவேண்டும்? வெண்கருவில் தனித்த குளுக்கோஸ் சிறிது உண்டு என்பது உண்மையே. ஆனால் அதனை நீக்கிவிட்டுச் செய்தாலும் வளையம் வருகிறது.

வெண்கருவின் முதன்மைப் புரதமாகிய ஓவால்புமின் மீது ஒரு சிறு சர்க்கரைச் சங்கிலி ஒட்டிக்கொண்டிருப்பதே காரணம். ஏறத்தாழ 45,000 டால்டன் எடையுள்ள அப்புரதத்தில் சர்க்கரையின் பங்கு நூற்றுக்கு மூன்று, நான்குதான் இருக்கும். புரதத்தின் மேல் சர்க்கரையைக் கோக்கும் இவ்வினையைக் கிளைக்கோசைலேற்றம் என்பர். நான் எளிமை கருதிச் சர்க்கரையேற்றம் என்றே எழுதுகிறேன். சர்க்கரை என்றவுடன் காப்பியில் போடும் சர்க்கரையை நினைத்துவிட வேண்டா. மானோஸ், காலக்டோஸ், ஃபியூகோஸ், சியாலிக் அமிலம், என்-அசிட்டைல் குளுக்கோசமைன் முதலிய பல சர்க்கரைகள் கிளைவிட்டுப் பிணைந்த சங்கிலிகளே இங்குக் குறிக்கப்படுகின்றன.

ஓவால்புமினில் நூற்றுக்கு மூன்று, நான்கு. எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. வைரசின் புற உறைப் புரதத்திலோ எடையில் ஏறத்தாழ பாதி சர்க்கரையே. புரதத்திற்குச் சர்க்கரை ஒட்டியிருக்கிறதா, சர்க்கரைக்குப் புரதம் ஒட்டியிருக்கிறதா என்று கேட்கும் அளவிற்கு இருக்கிறது. இவ்வளவு சர்க்கரை இந்த வைரசுக்கு எதற்கு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் ஒரு முரண்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். 1986-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி, பேராசிரியர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில் தம் ஆய்வேட்டிற்காகச் சேகரித்த இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. வேலூரில் நடந்த அச்சோதனையில் தேடப்பட்டது வைரஸ் அன்று. வைரசுக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள். தட்டம்மை வந்து போனவரின் இரத்தத்தில் அந்நோய்க்கான எதிர்ப்பொருள் இருந்தால், இனி அவருக்கு அச்சமில்லை என்று பொருள். எச்.ஐ.வி.க்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தால், அவருக்குள் வைரஸ் குடியிருக்கிறது என்று பொருள். அதே எதிர்ப்பொருள், இரு வேறு முடிவுகள். நோயாளியின் உடல் கைகட்டி நிற்கவில்லை. எதிர்ப்பொருள்களை வேண்டிய மட்டும் உண்டாக்குகிறது. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை பயன்படவில்லை. ஏன்?

எச்.ஐ.வி. ரெட்ரோவைரஸ் வகுப்பைச் சேர்ந்தது. ரெட்ரோ என்றால் பின்னோக்கிய என்று பொருள். டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. தோன்றும் என்பது நாம் படித்த விதி. இவ்வைரஸ்கள் தம் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதி, ஓம்பு செல்லின் குரோமோசோமில் செருகிவிடுகின்றன. அவ்வாறு எழுதும் நொதியை 1970-இல் ஹோவர்டு டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டுபிடித்து 1975-இல் நோபெல் பரிசு பெற்றனர். இந்நொதி எழுதியதைத் திருப்பிப் படித்துப் பிழை திருத்துவதில்லை. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். எச்.ஐ.வி.யை 1983-இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லூக் மோன்டாக்னியேயும் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 23 அன்று, அமெரிக்க நலவாழ்வுத் துறைச் செயலர் மார்கரெட் ஹெக்லர், தடுப்பூசி ஒன்று ஏறத்தாழ இரண்டாண்டுகளில் சோதனைக்கு ஆயத்தமாகிவிடும் என்று அறிவித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. மருந்துகள் வந்தன, 2004 ஏப்ரல் முதல் நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் அவை இலவசமாகவே கிடைக்கின்றன. தடுப்பூசி வரவில்லை.

இனி வைரசின் உறைப் புரதம் உருவாகும் விதத்தைக் காண்போம். இதனைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் பாடநூல்களில் இப்பகுதி ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. படத்திலும் ஒரு குச்சியின் மேல் ஒரு மொட்டைப் பந்தை வரைந்து ஜிபி120 என்று எழுதிவிடுகிறார்கள். ஜிபி என்பது சர்க்கரையேறிய புரதம் என்பதன் சுருக்கம். 120 என்பது ஆயிரம் டால்டன் கணக்கில் அதன் எடை. பெயரிலேயே சர்க்கரை இருக்க, படத்தில் மட்டும் அதனைக் காணோம்.

வைரசுக்குச் சொந்தமாக ரைபோசோம் கிடையாது, எண்டோபிளாச வலை கிடையாது, கோல்கை உறுப்பு கிடையாது. சர்க்கரை ஏற்றும் நொதி ஒன்றுகூட அதனிடம் இல்லை. அதன் ஆர்.என்.ஏ.வில் உள்ள ஏறத்தாழ 9,700 எழுத்துகளில் அவற்றுக்கு இடமும் இல்லை. ஆகவே உறைப் புரதத்தின் ஒவ்வொரு சர்க்கரையும் நம் செல்லே தன் செலவில் செய்து தருவது.

ஏறத்தாழ 850 அமினோ அமிலங்கள் கொண்ட ஜிபி160 என்ற நீண்ட புரதம் ரைபோசோமிலிருந்து வெளிவந்துகொண்டிருக்கும்போதே, அதன் முன்பகுதி எண்டோபிளாச வலைக்குள் நுழைகிறது. அங்கே வலையின் சவ்வில், டோலிகால் என்ற கொழுப்பின் மேல், 14 சர்க்கரைகளாலான ஒரு மரம் முன்னரே கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அடியில் என்-அசிட்டைல் குளுக்கோசமைன் இரண்டு, அவற்றின் மேல் கிளைபிரிந்த மானோஸ் ஒன்பது, ஒரு கிளையின் நுனியில் குளுக்கோஸ் மூன்று. புரதச் சங்கிலியில் அஸ்பரஜின் வந்து, அடுத்து ஏதேனும் ஓர் அமினோ அமிலம் வந்து, மூன்றாவதாகச் செரினோ திரியோனினோ வந்தால், அந்த அஸ்பரஜின் மீது இம்மரத்தை வேரோடு பெயர்த்து நட்டுவிடுகிறது ஒரு நொதி. நடுவில் வருவது புரோலினாக மட்டும் இருக்கக்கூடாது. இது செல்லின் பொதுச் சட்டம். புரதம் நம்முடையதா, வந்தேறியதா என்று நொதி பார்ப்பதில்லை. அஸ்பரஜினும் செரினும் இருக்கின்றனவா என்று மட்டுமே பார்க்கிறது.

நட்ட உடனேயே கிளை கழிக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. மூன்று குளுக்கோசில் இரண்டு முதலில் வெட்டப்படுகின்றன. ஒரு குளுக்கோஸ் மட்டும் எஞ்சியிருக்கும் நிலையில், கால்நெக்சின் என்ற துணைப் புரதம் அதைப் பற்றிக்கொண்டு, புதிய புரதம் சரியாக மடிவதற்குக் காவல் நிற்கிறது. கடைசிக் குளுக்கோசும் போன பிறகு வேறொரு நொதி வந்து சோதிக்கிறது. மடிப்பு சரியில்லையென்றால் மீண்டும் ஒரு குளுக்கோசை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுகிறது. தேர்வில் தவறியவனை அடுத்த தேர்வுக்கு அனுப்புவது போலத்தான். ஜிபி120 பகுதியில் 18 சிஸ்டீன்கள் உள்ளன. அவை இரண்டிரண்டாக இணைந்து ஒன்பது டைசல்பைடு பிணைப்புகள் ஆகவேண்டும். சோடி மாறினால் மடிப்பு கெடும். ஆகவே இவ்வைரஸ் புரதம் மடிய நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. டியூனிகாமைசின் என்ற பொருளைக் கொடுத்துச் சர்க்கரையேற்றத்தை முற்றிலும் நிறுத்திவிட்டால், பயனுள்ள உறைப் புரதமே கிடைப்பதில்லை. சர்க்கரையின் முதல் பணி இதிலிருந்து விளங்கும்: புரதத்தை உருவாக்கி நிறுத்துவது.

மடிந்த புரதம் மும்மூன்றாகச் சேர்ந்து கோல்கை உறுப்புக்குச் செல்கிறது. அங்கே ஃபியூரின் என்ற நொதி ஜிபி160-ஐ ஜிபி120, ஜிபி41 என்று இரண்டாக வெட்டுகிறது. ஜிபி120 வெளியே தலையாகவும் ஜிபி41 சவ்வில் ஊன்றிய தண்டாகவும் நிற்கும். இரண்டையும் இணைத்திருப்பது வலுவான பிணைப்பு அன்று. எளிதில் கழன்றுவிடக் கூடியது. கோல்கையில் சர்க்கரைகளுக்கும் மறு ஒப்பனை நடைபெறுகிறது. மானோஸ்கள் மேலும் வெட்டப்பட்டு, காலக்டோஸ், சியாலிக் அமிலம் முதலியவை சேர்ந்து சிக்கலான சங்கிலிகளாக மாறுகின்றன. நம் உடலின் புரதங்கள் வெளியே வரும்போது பெரும்பாலும் இவ்வடிவத்தில்தான் வருகின்றன.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், எலியினத்துச் செல்களில் வளர்க்கப்பட்ட ஜிபி120-இன் 24 இடங்களும் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. 24-லும் சர்க்கரை இருந்தது. 13 இடங்களில் சிக்கலான சங்கிலிகள். மற்ற 11 இடங்களில் மானோஸ் மிகுந்த பழைய வடிவமே அரைகுறையாக நின்றிருந்தது. காரணம் நெருக்கம். தோட்டத்தில் செடிகளை நெருக்கி நட்டுவிட்டால் கத்தரிக்கோலை உள்ளே விட முடியாமல் போவதுபோல, சர்க்கரை மரங்கள் தோள் உரசி நிற்குமிடத்தில் வெட்டும் நொதி நுழைய முடிவதில்லை. கழிக்கப்படாத அந்த மானோஸ் திட்டு இவ்வைரசின் அடையாளம் போலவே அமைந்துவிட்டது. இதுவும் பின்னால் வேண்டியிருக்கும்.

எல்லா ரெட்ரோவைரஸ்களும் இப்படி இல்லை. மனிதருக்கு ஒருவகை இரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் எச்.டி.எல்.வி.-1 வைரசின் உறைப் புரதத்தில் சர்க்கரை ஏறும் இடங்கள் ஐந்தே. எலி லுகேமியா வைரசில் ஏழெட்டு. எச்.ஐ.வி.யில் ஜிபி120-இல் மட்டும் ஏறத்தாழ 25. ஜிபி41-இல் மேலும் நான்கு அளவில். மும்மைக்கும் கணக்கிட்டால் ஒரு முள்ளில் எண்பது, தொண்ணூறு சர்க்கரைச் சங்கிலிகள்.

முள் என்று சொன்னேன். உறைப் புரத மும்மையை அப்படித்தான் அழைப்பது வழக்கம். நூற்றுக்குச் சற்று மிகுந்த நானோமீட்டர் விட்டமுள்ள இவ்வைரசின் மேல் அத்தகைய முட்கள் சராசரி 14 மட்டுமே. இன்ஃப்ளூயன்சா வைரசில் நானூறுக்கும் மேல் உண்டு. அது பலாப்பழம் என்றால் இது நெருஞ்சிக்காய். எதிர்ப்பொருளுக்கு இரண்டு கைகள் என்பதை நாம் அறிவோம். இரண்டு கைகளாலும் இரண்டு முட்களைப் பற்றினால்தான் பிடி உறுதிப்படும். முட்கள் இவ்வளவு தள்ளித்தள்ளி இருந்தால் ஒரு கைப் பிடிதான் கிட்டும் என்று சில ஆய்வாளர்கள் விளக்குகின்றனர்.

ஜிபி120-இன் முப்பரிமாண அமைப்பு முதலில் 1998-இல் தெரியவந்தது. பீட்டர் குவாங், ரிச்சர்ட் வியாட், ஜோசப் சோட்ரோஸ்கி, வெய்ன் ஹென்ட்ரிக்சன் முதலியோர் எக்ஸ் கதிர்ப் படிகவியல் முறையில் 2.5 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் அதனைக் கண்டனர். சர்க்கரை நெகிழ்ந்து ஆடும் பொருள். அது ஏறிய புரதம் ஒழுங்கான படிகமாவது அரிது. ஆகவே சர்க்கரையின் பெரும்பகுதியை நொதி கொண்டு மழித்துவிட்டனர். அடிக்கடி மாறும் நெகிழ்ந்த வளையங்களையும் வெட்டிவிட்டனர். அதன் பிறகும், சிடி4 ஏற்பியின் ஒரு துண்டையும் ஓர் எதிர்ப்பொருளின் துண்டையும் இரு பக்கமும் முட்டுக்கொடுத்த பின்னரே படிகம் கிடைத்தது. மொட்டை அடித்த பின் எடுத்த படமேயானாலும், அது சொன்ன செய்திகள் பல.

புரதத்தில் உட்பகுதி, புறப்பகுதி, இரண்டையும் இணைக்கும் பாலம் என மூன்று பகுதிகள். சிடி4 வந்து அமரும் இடம் மேட்டில் இல்லை. உள்வாங்கிய பள்ளத்தில் இருக்கிறது. சிடி4-இன் 43-ஆவது அமினோ அமிலமாகிய ஃபினைல் அலனின் அப்பள்ளத்தில் ஒரு குழிக்குள் நுழைந்து பொருந்துகிறது. பள்ளத்திற்குள் சர்க்கரை இல்லை. இருந்தால் வைரசே தன் ஏற்பியைப் பிடிக்க முடியாது. ஆனால் பள்ளத்தின் கரையெங்கும் சர்க்கரை மரங்கள் வேலி கட்டியிருக்கின்றன. புறப்பகுதியின் ஒரு முகம் முழுவதும் சர்க்கரையால் மூடிக்கிடக்கிறது. எதிர்ப்பொருள்கள் அங்கே ஏறக்குறைய எதையுமே காண்பதில்லையாகையால், அதற்குப் பேசா முகம் என்றே பெயரிட்டனர். அறிவியலார் இட்ட பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று இது.

ஜிபி41 பற்றி ஒரு சொல். சிடி4-ஐயும் அடுத்து சி.சி.ஆர்.5 என்ற துணை ஏற்பியையும் ஜிபி120 பற்றியதும், அதுவரை அழுத்தி வைத்த வில் போலிருந்த ஜிபி41 நிமிர்ந்து, தன் நுனியைச் செல்லின் சவ்வில் குத்துகிறது. பிறகு மூன்று சுருள்களின் மேல் மூன்று சுருள்கள் எதிர்த்திசையில் மடிந்து படிய, வைரஸ் சவ்வும் செல் சவ்வும் இழுபட்டு ஒன்றாகின்றன. ஆறு சுருள்கள் சேர்ந்த இக்கட்டின் அமைப்பு 1997-இல் வெளியாயிற்று. அக்கடைசி மடிப்பைத் தடுக்கும் 36 அமினோ அமிலச் சிறு புரதமாகிய என்ஃபுவிர்டைடு 2003-இல் மருந்தாகவே வந்தது.

மீண்டும் சர்க்கரைக்கு வருவோம். நம் எதிர்ப்பாற்றல் மண்டலம் சர்க்கரையைக் காணாத குருடு என்று எண்ணிவிடக் கூடாது. 1901-இல் லாண்ட்ஸ்டெய்னர் கண்ட ஏ, பி, ஓ இரத்தப் பிரிவுகளை நாம் அறிவோம். ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் உள்ள வேற்றுமை சிவப்பணுவின் மேலுள்ள சங்கிலியின் நுனியில் ஒரே ஒரு சர்க்கரையில்தான் இருக்கிறது. ஒன்றில் என்-அசிட்டைல் காலக்டோசமைன், மற்றொன்றில் காலக்டோஸ். அவ்வளவு சிறு வேற்றுமைக்கே உயிர் போகும் அளவு எதிர்ப்பொருள் கிளம்புகிறது. ஆக, சர்க்கரையை நம் உடல் நன்றாகவே பார்க்கிறது. தன் சர்க்கரையைப் பார்த்தால்தான் சும்மா இருக்கிறது. எச்.ஐ.வி. போர்த்தியிருப்பது நம் செல் நெய்த போர்வை. ஆகவே அது நம் வீட்டுப் பிள்ளை போலவே தெரிகிறது.

போர்வை நிலையானதாக இருந்தாலாவது பொத்தல் பார்த்து அடிக்கலாம். பிழை திருத்தாத நொதி என்று முன்பு சொன்னேனே, அதன் விளைவு இங்கேதான். ஏஏஏ என்ற லைசின் குறியீட்டில் கடைசி எழுத்து ஒன்று மாறி ஏஏயு ஆனால் அது அஸ்பரஜின். இரண்டு இடம் தள்ளிச் செரின் இருந்துவிட்டால் போதும். ஒரே எழுத்துப் பிழையில் புதிதாக ஒரு சர்க்கரை மரம் முளைத்துவிடுகிறது. அடுத்த பிழையில் அது அங்கிருந்து மறைந்து பக்கத்தில் தோன்றலாம். 2003-இல் ஜார்ஜ் ஷாவும் உடனாய்வாளர்களும் இதனை நோயாளிகளிடமே கண்டு காட்டினர். நோயாளியின் உடல் ஓர் எதிர்ப்பொருளை உண்டாக்கும். சில வாரங்களில் அது படும் இடத்திற்கு அருகே சர்க்கரை இடம் மாறி நின்று மறைத்துவிடும். உடல் வேறோர் எதிர்ப்பொருளை உண்டாக்கும். அதற்குள் போர்வை மறுபடி இழுத்துப் போர்த்தப்பட்டிருக்கும். எதிர்ப்பொருள்கள் நிறைந்திருந்தும் பயனின்றிப் போவதன் காரணங்களுள் தலையாயது இது. முன்னே கேட்ட கேள்விக்கு விடை இதில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது.

அப்படியானால் போர்வை நெய்வதையே நிறுத்தினால் என்ன? 1987-இலேயே இதனை முயன்று பார்த்தனர். ஆஸ்திரேலிய மரமொன்றின் விதையில் கிடைக்கும் காஸ்டனோஸ்பெர்மினும், பட்டுப்புழு தின்னும் முசுக்கொட்டை இலையில் உள்ள டிஆக்சிநோஜிரிமைசினின் வழிப்பொருள்களும், குளுக்கோசை வெட்டும் நொதிகளைத் தடுப்பவை. அவற்றைச் செல்வளர்ப்பில் சேர்த்தபோது, வெளிவந்த வைரசின் தொற்றும் திறன் குன்றியது. ஆனால் அந்நொதிகள் நம்முடையவை அல்லவா? நோயாளிகளுக்குக் கொடுத்தபோது வயிற்றுப்போக்கு மிகுந்தது. உடல் தாங்கும் அளவில் பயன் போதவில்லை. முயற்சி கைவிடப்பட்டது. அவற்றுள் ஒன்றே பின்னர் மிக்லுஸ்டாட் என்ற பெயரில், கோஷே நோய் என்னும் பரம்பரை நோய்க்கு 2002-இல் ஐரோப்பாவில் மருந்தாக ஏற்கப்பட்டது. ஆராய்ச்சியில் இப்படி வாசல் மாறிக் கதவு திறப்பதுண்டு.

தடுப்பூசி வரலாற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். ஜிபி120-ஐ மட்டும் தனியே தயாரித்துப் போட்ட ஊசி 2003-இல் தோற்றது. தாய்லாந்தில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய கூட்டு ஊசிச் சோதனை 2009-இல் 31.2 விழுக்காடு பயன் தந்தது, அது போதாது. அதன் வழியில் தென்னாப்பிரிக்காவில் நடந்த சோதனை 2020-இல் நிறுத்தப்பட்டது. மொசைக்கோ என்ற மற்றொரு பெரிய சோதனை 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. தனி ஜிபி120-இல் இருந்த குறையை இப்போது ஓரளவு விளக்க முடியும். மும்மையாக நிற்கும்போது உள்ளே மறைந்திருக்கும் முகங்கள், கழற்றிப் போட்ட ஒற்றைத் துண்டில் வெளியே தெரிகின்றன. உடல் அவற்றைப் பார்த்து எதிர்ப்பொருள் செய்யும். உண்மையான வைரசில் அம்முகங்களுக்கு வழியே இராது. வீட்டின் உள்ளறைச் சுவரைக் காட்டிவிட்டு, தெருவிலிருந்து வீட்டை அடையாளம் சொல்லச் சொன்னால் யாரால் சொல்ல முடியும்?

ஆகவே மும்மையைக் குலையாமல் பிடித்து வைப்பதில் ஜான் மூர், ரோஜியர் சாண்டர்ஸ் முதலியோர் பல ஆண்டுகள் உழைத்தனர். ஜிபி120-ஐயும் ஜிபி41-ஐயும் ஒரு புதிய டைசல்பைடு பிணைப்பால் தைத்தனர். ஜிபி41 வில் போல் நிமிராதிருக்க, 559-ஆம் இடத்தில் ஒரு புரோலினை வைத்தனர். கென்யாவில் ஒரு கைக்குழந்தையிடமிருந்து பெற்ற பிஜி505 என்ற வைரசின் புரதத்தில் இது நன்கு பலித்தது. 2013-இல் படிக முறையிலும், உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கி முறையிலும் மும்மையின் முழு அமைப்பு வெளிவந்தது. சர்க்கரைகளும் படத்தில் இருந்தன. அதனைப் பார்த்த பின் மொட்டைப் பந்துப் படத்தை வரைய எனக்குக் கை வருவதில்லை.

இதனை முயல்களுக்கு ஊசியாகப் போட்டபோது நடந்தது வேடிக்கையானது. பெரும்பாலான எச்.ஐ.வி. வைரஸ்களில் 241-ஆம் இடத்தில் சர்க்கரை உண்டு. பிஜி505-இல் அது தற்செயலாக இல்லை. முயலின் எதிர்ப்பொருள்கள் நேரே அப்பொத்தலைத் தேடிச் சென்று அடித்தன. அங்கே ஒரு சர்க்கரையை நட்டு அடைத்தவுடன் அவற்றின் ஆற்றல் ஒழிந்தது. பசுக்களின் கதை வேறு. 2017-இல் வெளியான ஆய்வில், அதே மும்மையை நான்கு பசுக்களுக்குப் போட, நான்கும் பல்வகை வைரஸ்களை முடக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கின. ஒரு பசுவின் இரத்தநீர் 381 நாள்களில், சோதித்த வைரஸ்களில் 96 விழுக்காட்டை முடக்கியது. பசுவின் எதிர்ப்பொருளில் நுனி வளையம் ஒன்று அறுபது அமினோ அமிலம் வரையும் அதற்கு மேலும் நீளும். மனிதரிடம் பொதுவாகப் பதினைந்து அளவில்தான். வேலிக்கு மேலே கையை நீட்டி மாங்காய் பறிப்பது போல, அந்நீண்ட விரல் சர்க்கரைக்கிடையே நுழைந்து சிடி4 பள்ளத்தைத் தொட்டுவிடுகிறது. பசுவுக்கு எச்.ஐ.வி. வருவதேயில்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

மனிதரிடம் இத்தகைய எதிர்ப்பொருளே தோன்றுவதில்லையா என்றால், தோன்றுகிறது. தொற்று ஏற்பட்டவர்களுள் ஒரு சிறு பகுதியினருக்கு, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து. அவற்றுள் சில சர்க்கரையைச் சுற்றிக்கொண்டு போகாமல் சர்க்கரையையே பற்றுகின்றன. 2ஜி12 என்ற எதிர்ப்பொருளின் அமைப்பு 2003-இல் தெரிந்தபோது பலரும் வியந்தனர். எதிர்ப்பொருளின் கைகள் வழக்கமாகக் கவட்டை போல் விரிந்திருக்கும். இதில் இரண்டு கைகளும் ஒன்றோடொன்று பின்னி ஒரே தூணாகி, அடர்ந்த மானோஸ் திட்டின் மேல் பரந்து அமர்கின்றன. தனி மானோஸ் சங்கிலி நம் உடலிலும் உண்டு. ஆனால் இவ்வளவு நெருக்கமாக நிற்கும் தோப்பு நம் புரதங்களில் இல்லை. கத்தரி நுழையாத அந்தத் திட்டு, வைரசைக் காட்டிக்கொடுத்துவிட்டது. 2009-இல் கண்ட பிஜி9, 2011-இல் கண்ட பிஜிடி121, பிஜிடி128 போன்றவையும் இவ்வகையினவே. முன்னது 160-ஆம் இடத்துச் சர்க்கரையையும், பின்னவை 332-ஆம் இடத்துச் சர்க்கரையையும் புரதத்தோடு சேர்த்துப் பிடிக்கின்றன.

332-ஆம் இடம் பற்றிய தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்று 2012-இல் வெளியாயிற்று. பென்னி மூர், லின் மோரிஸ் முதலியோர் நோயாளிகள் இருவரின் வைரசைத் தொற்று தொடங்கிய நாளிலிருந்து தொடர்ந்து கவனித்தனர். தொடக்கத்தில் அவ்வைரஸ்களில் 332-இல் சர்க்கரை இல்லை, 334-இல் இருந்தது. உடல் முதலில் செய்த எதிர்ப்பொருள்களிலிருந்து தப்பிக்க, ஆறு மாதங்களுக்குள் வைரஸ் தன் சர்க்கரையை 334-லிருந்து 332-க்கு மாற்றிக்கொண்டது. தப்பியும் விட்டது. ஆனால் 332-இல் வந்து நின்ற அச்சர்க்கரையையே இலக்காகக் கொண்டு, பல்வகை வைரஸ்களையும் முடக்கும் எதிர்ப்பொருள் பின்னர் அவ்விருவரிடமும் உருவாயிற்று. ஒளிந்துகொள்ளப் போன இடமே அகப்படும் இடமாயிற்று.

இதனால் அந்நோயாளிகள் குணமடைந்துவிடவில்லை. அதற்குள் வைரஸ் அவர்கள் குரோமோசோம்களில் குடியேறிவிட்டது; மறுபடியும் மாறிக்கொள்ளவும் செய்தது. வைரஸ் வருவதற்கு முன்னரே அத்தகைய எதிர்ப்பொருள் உடலில் ஆயத்தமாக இருந்தால்தான் பயன். அதனை ஊசியால் உண்டாக்க முடியுமா என்பதே இன்றைய முயற்சி. நேரே முழு மும்மையைக் காட்டினால், அவ்வெதிர்ப்பொருளை ஈன்றெடுக்க வேண்டிய கன்னி பி செல்கள் அதனை அடையாளம் காண்பதில்லை. 276-ஆம் இடம் போன்ற இடங்களின் சர்க்கரை குறுக்கே நிற்கிறது. ஆகவே அச்சர்க்கரையை நீக்கி, சிடி4 பள்ளம் திறந்து தெரியுமாறு ஜிபி120-இன் புறப்பகுதியை மட்டும் மாற்றிச் செய்து, 60 பிரதிகளை ஒரு துகளின் மேல் பதித்து, அமெரிக்காவில் தன்னார்வலர்களுக்குப் போட்டுப் பார்த்தனர். 2022-இல் வெளியான முடிவின்படி, ஊசி பெற்ற 36 பேரில் 35 பேரிடம் வேண்டிய வகைப் பி செல்கள் கிளம்பின. அவை இன்னும் வைரசை முடக்கும் திறன் பெற்றவை அல்ல. முதற் படியில் கால் வைத்தவை. அடுத்தடுத்த ஊசிகளில் உண்மையான வைரசை மேலும் மேலும் ஒத்த புரதங்களைக் கொடுத்து, நீக்கிய சர்க்கரைகளையும் படிப்படியாகத் திருப்பி நட்டு, எதிர்ப்பொருள் அவற்றினிடையே நுழையப் பழகுமாறு செய்வது அவர்கள் திட்டம்.